மாமியின் இடப்பக்கம்

"நாள் முழுக்க வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று தொலைபேசியில் பெனிபிட் அலுவலகத்துப் பெண் கேட்டபோது மாமியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. லண்டன் லூயிஷாமில் மாமியின் சின்னஞ்சிறு மாடிவீட்டுச் சமையலறை மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். மாமி பேச, நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அதற்கு முந்திய கேள்விகள் எல்லாம் குளிப்பது பற்றியும், உடுப்பு மாற்றுவது பற்றியும், கழிவறைக்குப் போய்வருவது பற்றியும் இருந்தன. முகம் தெரியாத ஒருத்திக்கு அவற்றையெல்லாம் சொல்லவேண்டியிருந்த வெட்கத்தில் மாமி தலையைக் குனிந்தபடியே இருந்தார். இந்தக் கேள்வி வந்ததும்தான் நிமிர்ந்தார். "கேம் விளையாடுவன் எண்டு சொல்லு பிள்ளை. ஒரு ரூமைக் காட்டுவாங்கள். அதுக்குள்ள சாமானுகளை ஒளிச்சு வைச்சிருப்பாங்கள். நான் தேடிப் பிடிப்பன். கண்ட கேமும் விளையாட மாட்டன், நல்ல கேம்தான் விளையாடுவன் எண்டும் சொல்லு." நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். எவ்வளவு நேரம் விளையாடுவார் என்று அந்தப் பெண் கேட்டார். அக்கறையில்தான் கேட்கிறார் என்று மாமி நம்பினார். "காலமையும் விளையாடுவன், பின்னேரமும் விளையாடுவன்," என்றார் சந்தோஷமாக. மறுமுனையில் வேகமாகத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

சில வாரங்களில் முடிவு வந்தது. மாமிக்குக் கிடைத்துவந்த பெனிபிட்டை, நோயாளிகளுக்கு அரசு கொடுக்கும் உதவிப்பணத்தை, நிறுத்திவிட்டார்கள். கடிதத்தில் காரணம் கூறிய பந்தியில் அவருடைய விளையாட்டுத்தான் முதலில் இருந்தது. கணினியில் பொருட்களைத் தேடும் விளையாட்டுகளை நீண்ட நேரம் விளையாடுகிறார், ஆகவே அவருடைய பார்வையிலும் கவனத்திலும் குறையில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை மாமிக்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மாமி என் அப்பாவின் தங்கை. கணவர் முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஓர் ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை பார்த்து, தன் வாடகையைத் தானே கட்டி, யாரிடமும் கை நீட்டாமல் இருந்தவர். பாரிசவாதம் வந்த பிறகுதான் அந்த வேலை போயிற்று.

அந்த நோய் அவருடைய இடது கையைப் பலமிழக்கச் செய்தது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றையும் அது செய்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாமி பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "சோறு காணாது பிள்ளை, கொஞ்சம்தான் போட்டிருக்கிறாங்கள்," என்றார். சாப்பாட்டுக் கோப்பையின் இடது பாதியில் சோறு அப்படியே இருந்தது. நான் கோப்பையைத் திருப்பி வைத்தேன். "இதை எங்கையிருந்து கொண்டுவந்தனி?" என்று கேட்டுவிட்டுத் தின்றார். சட்டையின் வலது கையை மாட்டிவிட்டு, உடுத்தி முடித்துவிட்டதாக நினைத்து எழும்புவார். வாசலைக் கடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் மோதும். கண்ணில் ஒரு பிழையும் இல்லை என்று அங்கிருந்த சிகிச்சையாளர் எனக்கு விளக்கினார். இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மூளை மறந்துவிட்டது. இல்லாத ஒன்றை யாரும் தேடமாட்டார்கள் அல்லவா, அதனால் மாமியும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. திரும்பிப் பார்க்கப் பழக்கவேண்டும், படங்களுக்குள் பொருட்களைத் தேடும் விளையாட்டுகள் இருந்தால் கொடுங்கள், செலவில்லாத பயிற்சி என்று சொன்னவரும் அவர்தான். மடிக்கணினித் திரையின் இடது விளிம்பில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டச் சொன்னார். சிவப்பு தெரியும்வரை கண்ணைக் கொண்டுபோகவேண்டும். அதுதான் விதி.

நான் வால்தம்ஸ்டோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் லூயிஷாமுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு நாளில்தான் முதல் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன். பாவம், பொழுதாவது போகட்டும் என்ற அளவில்தான் நினைத்தேன். மாமியோ அதில் ஒரு தேர்ந்த ரசிகராக மாறினார். எது விளையாடத் தக்கது, எது தள்ளத் தக்கது என்பதில் அவருக்குத் தெளிவான அபிப்பிராயங்கள் இருந்தன. மூலையில் மணிக்கூடு ஓடும் விளையாட்டு வேண்டாம். "அது என்னைத் துரத்துது. நான் ஏன் ஓடவேணும்?" பிழையான இடத்தில் தட்டினால் தண்டிக்கும் விளையாட்டு வேண்டாம். நடுவில் நிறுத்தி, நாணயம் வாங்கு, வைரம் வாங்கு என்று கெஞ்சுகிற போன் விளையாட்டுகளை அவர் பிச்சைக்கார விளையாட்டு என்றார். பழுப்பு மேசையின்மேல் பழுப்புத் திறப்பை, அதாவது சாவியை, வைத்து, அதன்மேல் நிழலையும் பூசி ஒளித்தால் அது கெட்டித்தனம் இல்லை, கள்ளம் என்பார். நல்ல விளையாட்டில் பொருள் கண்முன்னாலேயே இருக்கும், வேறொன்றாகத் தோற்றம் காட்டிக்கொண்டு இருக்கும். கண்டுபிடித்தவுடன், சே, இவ்வளவு நேரமும் இது இங்கேதானே இருந்தது என்று நமக்கே சிரிப்பு வரவேண்டும். கேட்டால் மட்டும் துப்புக் கொடுக்கவேண்டும். இடையிடையே குழாய்களைத் திருப்பிப் பொருத்துவது, உடைந்த தட்டுகளை ஒன்றுசேர்ப்பது போன்ற புதிர்கள் வரவேண்டும், அவற்றை அவசரமில்லாமல் செய்ய விடவேண்டும். பழைய மருந்துக்கடை, ரயில் பெட்டி, தையற்காரியின் அறை என்று சாமான்கள் நெருங்கிக் கிடக்கும் இடங்கள்தான் அவருக்குப் பிடிக்கும். பட்டியலில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அவற்றிலிருந்தே கற்றுக்கொண்டார். இத்தனை வருடம் லண்டனில் வாழ்ந்தும் தெரியாத 'திம்பிள்' என்ற சொல்லை, தைக்கும்போது விரலில் மாட்டும் சிறு குப்பியைக் கண்டுபிடித்த நாளில் தெரிந்துகொண்டு, அன்று முழுவதும் திம்பிள், திம்பிள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒவ்வொரு அறையிலும் ஒன்று நடக்கும். வலது பாதியில் இருப்பவற்றை என்னைவிட வேகமாகப் பிடித்துவிடுவார். பிறகு அப்படியே நின்றுவிடுவார். மிச்சம் முழுவதும் இடது பாதியில் கிடக்கும். "சிவப்பைப் பாருங்கோ மாமி," என்பேன். கழுத்தைத் திருப்புவார், பாதி வழியில் கண் நின்றுவிடும். சில நாட்களில் அழுதுவிடுவார். அழுதுவிட்டு மறுபடி தொடங்குவார். அவருடைய காலமையும் பின்னேரமும் அப்படித்தான் கழிந்தன. அதைத்தான், பார்வையிலும் கவனத்திலும் குறையில்லை என்பதற்கு அத்தாட்சியாக எழுதினார்கள். நொண்டி நொண்டி நடக்கப் பழகுகிறவரைப் பார்த்து, இவர் நாள் முழுக்க நடக்கிறார், காலில் ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பெண் இன்னும் ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏன் விளையாடுகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். மாமி சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்.

சொந்தக்காரர்கள் என் கோபத்தில் எண்ணெய் ஊற்றினார்கள். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் பெரியப்பா, மாமியின் மூத்த அண்ணன், என்னைக் கூப்பிட்டு ஏசினார். "கேம் எண்டு ஏன் சொன்னனி? தேவாரம் படிக்கிறா, கும்பிடுறா எண்டு மாத்திச் சொல்லியிருக்கலாமே. உனக்கு மூளை இல்லையே? அவவுக்கும் இந்த வயசில உது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?" அவர் நாள் முழுக்க ரீவிக்கு முன்னால் இருந்து கிரிக்கெட் பார்ப்பவர். அதை யாரும் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொன்னதில்லை. "மாமி சொன்னதைத்தான் பெரியப்பா நான் சொன்னனான். அதில பிழை இல்லை," என்றேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன். உண்மையைச் சொன்னவர்கள் ஏன் வெட்கப்படவேண்டும்?

மேன்முறையீடு செய்தோம். பல மாதங்கள் காத்திருந்த பிறகு தீர்ப்பாயத்துக்கு வரச்சொன்னார்கள். சாதாரணமான ஒரு கூட்ட அறை. நீண்ட மேசைக்கு அப்பால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நீதிபதி, மாமிக்கு வலப்பக்கமாக ஓர் அம்மையார், இடப்பக்கமாக ஒரு டாக்டர். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், மென்மையாகப் பேசும் இளைஞர். நான் மடிக்கணினியைக் கொண்டுபோயிருந்தேன். மாமி விளையாடுவதை ஒரு தடவை நீங்களே பாருங்கள் என்று கேட்டேன். மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு சம்மதித்தார்கள். திரையைத் திறந்தபோது அந்தச் சிவப்பு நாடாவைக் கழற்றிவிட்டால் மாமியின் குறை இன்னும் தெளிவாகத் தெரியுமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கையை வைத்துவிட்டேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார். "அது இருக்கட்டும். நான் எப்பிடி விளையாடுறனோ அப்பிடியே பாக்கட்டும்."

மாமி அதுவரை பார்த்திராத ஓர் அறையைத் தேர்ந்தேன். பழைய ரயில் நிலையம் ஒன்றின் காத்திருப்பு அறை. மூன்று பேரும் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார்கள். மாமி கத்தரிக்கோலைப் பிடித்தார், தொப்பியைப் பிடித்தார், தேநீர்க் கேத்திலைப் பிடித்தார். டக் டக் என்று விழுந்துகொண்டே வந்தது. அந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. இவர்களும் அந்தப் பெண்ணைப் போலவே நினைத்துவிடுவார்களோ? பிறகு நின்றது. பட்டியலில் குடை இருந்தது. இடது சுவரில் ஒரு பெரிய கறுப்புக் குடை, ஒளிப்பு மறைப்பு எதுவும் இல்லாமல், ஆள் உயரத்துக்குச் சாத்தியிருந்தது. மாமி தேடினார். வலது பக்கத்தை மேலிருந்து கீழாக மறுபடி மறுபடி துழாவினார். சிவப்பு, சிவப்பு என்று தனக்குள் சொல்லிக்கொண்டதும் கேட்டது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் குடை தெரிந்தது. மாமி கடைசியில் நிமிர்ந்து, "குடை இல்லை. இந்தக் கேம் பிழை," என்றார். இளைஞர் மெதுவாக அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர்கள் தங்கள் இருக்கைகளுக்குத் திரும்பிப் போனார்கள். டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். மாமி நீதிபதியைப் பார்த்துப் பதில் சொன்னார். தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், பதற்றத்தில் எனக்குத்தான் புலப்படவில்லை. டாக்டர் கொஞ்சம் பொறுத்து இன்னொன்று கேட்டார்: "உங்களுக்கு எதிரே எத்தனை பேர் இருக்கிறோம்?"

மாமி வலப்பக்கத்து அம்மையாரைப் பார்த்தார். நீதிபதியைப் பார்த்தார். "ரெண்டு பேர்," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லுமுன், "ரெண்டு பேருன்னு சொல்றீங்களாம்மா?" என்று மாமியிடமே மறுபடி கேட்டார். "ஓம். ரெண்டு பேர்தானே இருக்கினம்?" என்று மாமி சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்தார்.

வழக்கில் வென்றோம். எல்லோரும் வாழ்த்தினார்கள். பெரியப்பாகூடக் கூப்பிட்டு, "நீ கெட்டிக்காரி," என்றார். எனக்கு வாழ்த்து வேண்டியிருக்கவில்லை. ஒரு மனுஷியின் குறையை மூன்று அந்நியருக்கு முன்னால் விரித்துக் காட்டி, அவர் தோற்பதைப் பார்க்கச் செய்து, அந்தத் தோல்வியால் வென்றிருந்தோம். அன்று ரயிலில் திரும்பி வரும்போது, இடப்பக்கத்தில் மூன்றாவதாக ஒரு டாக்டர் இருந்ததை மாமிக்குச் சொன்னேன். மாமி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த மூண்டாவது ஆள் நல்லவரே?" என்று கேட்டார். "நல்லவர்தான் மாமி," என்றேன். "அப்ப அவருக்கு நான் வணக்கமே சொல்லேல்லை," என்று வருந்தினார். மாமியை வாட்டி எடுத்த ஒருவரும் அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. அவரோ, கண்ணில் படாத மனிதருக்கு மரியாதை செய்யாமல் விட்டேனே என்று கவலைப்பட்டார்.

தீர்ப்போடு இன்னொரு செய்தியும் வந்தது. சில காலத்துக்குப் பிறகு மறுபடியும் பரிசோதிப்பார்கள். அது ஒரு வழமையான வாசகம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் மாமிக்குள் ஏதோ முறிந்துவிட்டது. மடிக்கணினியை மூடி அலுமாரியில் வைத்துவிட்டார். "இனி நான் குடையைக் கண்டுபிடிச்சால் கள்ளி ஆயிடுவன் பிள்ளை. அண்டைக்கு நடிச்சவ எண்டு சொல்லுவாங்கள்," என்றார். சுகமாவது குற்றம் என்று நினைக்கும் அளவுக்கு ஒரு நோயாளியைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நான் கத்தினேன். யாரிடம் கத்துவது என்று தெரியாமல் மாமியிடமே கத்தினேன். பயிற்சியை விட்டால் மறுபடி கதவில் மோதுவீர்கள் என்றேன். அவர் எனக்குத் தேத்தண்ணி போட எழுந்தார். போகிற வழியில் இடது தோள் நிலையில் இடித்தது.

அதற்குப் பிறகு ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை, நல்ல வெயில். மாமியின் வீட்டு ஜன்னல் திரைச்சீலைகள் எல்லாம் மூடியிருப்பதைத் தெருவிலிருந்தே பார்த்துப் பதறிப்போய் மேலே ஓடினேன். கதவைத் திறந்த மாமி என்னை உள்ளே இழுத்து உடனே பூட்டினார். இருட்டான அறையில் மடிக்கணினி எரிந்துகொண்டிருந்தது. தையற்காரியின் அறை திரையில் இருந்தது. மாமியால் விட முடியவில்லை, அவ்வளவு பிடித்திருந்தது. வெளியே யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், தன் சொந்த வீட்டில், பட்டப்பகலில், திருடியைப் போல ஒளிந்திருந்து விளையாடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு பொருள் மிச்சம் இருந்தது. ஒரு திறப்பு. அது இடது ஓரத்தில், ஒரு படச் சட்டகத்தின் ஆணியில் தொங்கியதை நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. மாமியின் கழுத்து மெதுவாகத் திரும்பியது. கண் பாதி வழியில் நின்றது. பிறகு நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. டக்.

மாமி சிரிக்கவில்லை. மௌசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூடிய ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றார்.

சொல்லவில்லை. மாமி இரண்டாவது பாரிசவாதத்தில் போன பிறகு, அவரிடமிருந்து பறிக்க யாருக்கும் எதுவும் மிஞ்சாத இப்போதுதான் சொல்கிறேன். மாமி அந்தத் திறப்பைக் கண்டுபிடித்தார். யாரும் காட்டிக்கொடுக்காமல், துப்புக் கேட்காமல், உலகத்தின் தொலைந்துபோன பாதிக்குள் தனியாகப் போய்க் கண்டுபிடித்தார். அன்று நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தியிருக்கவேண்டிய சேதி அது. மாமி எழுந்து போய், திரைச்சீலையில் தெரிந்த சின்ன இடைவெளியையும் இழுத்து மூடிவிட்டு வந்தார்.