மெனுவில் நின்ற தம்பி பெயர்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. காதணி விழா ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் தயாராகும். தம்பி இருந்தவரை அது அவன் ராஜ்ஜியம். கம்ப்யூட்டரை இயக்க நான் போட்டுக் கொடுத்த லினக்ஸ் போதாதென்று தனக்கென இன்னொரு லினக்ஸையும் போட்டுக்கொண்டான். கம்ப்யூட்டரைப் போட்டதும் எதைத் திறக்கலாம் என்று ஒரு மெனு வருமே, அதில் தன் லினக்ஸுக்குத் தன் பெயரையே ஆங்கிலத்தில் எழுதி வைத்தான். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக அதுவே திறக்கும்படியும் செய்தான். "நாந்தானேக்கா கடை தெறக்குறேன்" என்பான். கொழுப்பு.

போன வருடம் வேடசந்தூர் சாலையில் பைக்கோடு போய்ச் சேர்ந்தான். அவன் செய்து வைத்திருந்த மாதிரியிலேயே அவனுக்கும் போஸ்டர் அடித்தேன். படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும், அவ்வளவு சுலபமாகச் செய்து வைத்திருந்தான். அந்தச் சுலபத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அதன்பின் வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அம்மா அன்றைக்குச் சாப்பிட மாட்டாள்.

ஹார்ட் டிஸ்க் நிரம்பியபோது அவன் படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு, அவன் லினக்ஸ் இருந்த பகுதியை அழித்தேன். மெனுவில் பெயர் மட்டும் நின்றது. காலையில் அப்பா கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போடுவார். அது நேரே அவன் பெயருக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு பகுதியே இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றுவிடும். வேடசந்தூர் நூற்பாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்நேரம் மில் பஸ்ஸில் இருப்பேன். போன் அடிக்கும். அப்பா தம்பி பெயரை முழுசாகச் சொல்லி, "அவன் பேருல போயி நிக்குது, ஆத்தா" என்பார்.

"ஏதாச்சும் ஒரு கீயத் தட்டுங்கப்பா. மெனு வரும். மேல் அம்ப அழுத்தி மொத வரிக்குப் போங்க. எண்டரத் தட்டுங்க."

"வந்துருச்சு. வச்சுரவா?"

தினமும் இதே கதை. பக்கத்து சீட்டுக்காரிக்கே மனப்பாடமாகிவிட்டது. எனக்கு எரிச்சலாக வரும். இத்தனை நாள் சொல்லியும் இது ஒரு மனுஷனுக்குத் தலையில் ஏறாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குப் போய் மெனுவைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். பெயர் போகவில்லை. கம்ப்யூட்டர் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த வரிகள்தான் அப்படிப் போகும். இது அவன் கையால் தட்டிச் சேர்த்த வரி. அதை எழுதியிருந்த கோப்பைத் திறந்து, அவன் பெயரை நானே எழுத்தெழுத்தாக அழிக்க வேண்டியிருந்தது. மறுபடி கட்டளை கொடுத்தேன். பெயர் போய்விட்டது. தனியாக உட்கார்ந்து அழுதேன். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. விட்டது தொல்லை என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை கடைக்குப் போனால், அப்பா சவரம்கூடச் செய்யாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இப்பச் சட்டுனு வந்துருதுல்லப்பா?"

"வருது. அவன் பேரச் சொல்லி நாலஞ்சு நாளாச்சு, ஆத்தா. வீட்டுல சொல்ல முடியல. ஒங்கிட்ட போன்ல சொன்னாத்தான் உண்டு."

"அப்ப எந்தக் கீயத் தட்டணும்னு ஒங்களுக்கு..."

"அது மொத வாரமே தெரியும்."

அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே கோப்பைத் திறந்தேன். இல்லாத பகுதிக்குப் போகும் அந்த வரியை, அவன் பெயரோடு, அவன் எழுதியிருந்தபடியே திரும்பத் தட்டினேன். தானாகத் திறப்பதும் அதுவே என்று வைத்து, கட்டளையைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை மில் பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. அப்பா தம்பி பெயரைச் சொன்னார். முழுசாகச் சொன்னார்.

"அவன் பேருல போயி நிக்குது, ஆத்தா."

"ஏதாச்சும் ஒரு கீயத் தட்டுங்கப்பா" என்றேன்.