சாந்த்ராகாச்சிக்குப் போன பெட்டி

என் தம்பி கிரீஷுக்கு முப்பத்தொன்பது வயது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அப்பாவோடு இருக்கிறான். போன செப்டம்பரில் ஒரு நாள் போன் செய்தான்.

"அக்கா, ரெண்டு ஞாயித்துக்கிழமை நீ இங்க வந்து இருக்க முடியுமா? காத்தாலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்."

"என்னடா விசேஷம்? பொண்ணு பாக்கப் போறியா?"

"கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கணும். ஊருக்கு வெளியில சாந்த்ராகாச்சில ஒரு கடை இருக்கு. பவுடரைப் பூசி அடுப்புல சுட்டுத் தருவா. கொண்டுபோய்க் குடுக்க ஒரு நாள், வாங்கிண்டு வர ஒரு நாள்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. நான் இருப்பது நியூ டவுனில். அங்கிருந்து லேக் மார்க்கெட்டுக்கு வந்து சேர ஒன்றே கால் மணி நேரம். வாரம் பூராவும் ஸ்கூலில் கத்திவிட்டு நான் காலை நீட்டுவது ஞாயிறு ஒரு நாள்தான். ஒரு தகரப் பெட்டி அலங்காரம் செய்துகொண்டு வருவதற்கு அதையும் நான் விட வேண்டுமா?

"ஏண்டா, நாலு ஸ்ப்ரே டப்பா வாங்கி நீயே அடிச்சா ஆச்சு. நாள் பூரா ஆத்துலதானே இருக்கே?"

"அடிக்கலாம்தான்" என்றான்.

அன்று மாலையே ஆர்டர் போட்டேன். மயில்கழுத்து நீலத்தில் மூன்று டப்பா, அடிப்பூச்சுக்கு ஒன்று, உப்புத்தாள் ஒரு கட்டு. மறுநாள் அவன் வாசலில் போய் இறங்கியது. ஒரு பெரிய பிரச்சினையை உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்த்துவிட்ட பெருமை எனக்கு. ஊருக்கு உபதேசம் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கிரீஷ் முன்பு நியூ டவுனில்தான் வேலை பார்த்தான். ஆபீஸிலிருந்து நடந்தே என் வீட்டுக்கு வருவான், இரண்டு தோசை தின்றுவிட்டுப் போவான். நான்கு வருஷத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கிரீஷ் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டான். பதவி உயர்வு மூன்று தடவை தேடி வந்தது. ஆபீஸுக்கு வர வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டான். வந்த இரண்டு வரன்களும் வீட்டு நிலவரத்தைக் கேட்டதும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போயின.

ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த ஊரில் ஆயாக்களுக்கா பஞ்சம்? ஆனால் அப்பாவின் விஷயம் வேறு. அவர் வெங்கடசுப்ரமணியன், முப்பத்தாறு வருஷம் பாங்கில் அதிகாரி. அவர் பேசுகிற வங்காளத்தைக் கேட்டு மார்க்கெட்டில் காய்கறிக்காரர்களே வாய் பிளப்பார்கள். பக்கவாதம் வந்து கண் விழித்தபோது வங்காளம், இங்கிலீஷ், ஹிந்தி மூன்றும் துடைத்துப் போட்டாற்போலப் போயிருந்தன. மிஞ்சியது தமிழ் மட்டும். டாக்டர், இப்படியும் சிலருக்கு ஆகும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். வரவில்லை.

இரண்டு ஆயாக்களை வைத்துப் பார்த்தோம். அப்பா 'ஜலம்' என்றால் மட்டும் புரிந்தது, உடனே ஓடி வந்து கொடுத்தார்கள். 'முதுகு அரிக்கறது' என்றால் முழித்தார்கள். அவருக்கு ஆத்திரம் வந்து தட்டை வீசினார். முதல் ஆயா நான்கு நாள் இருந்தாள், அடுத்தவள் இரண்டு நாள். ஆகக் கூடி, இந்தப் பெரிய ஊரில் அப்பாவிடம் உட்காரத் தகுதி உள்ளவர்கள் இரண்டே பேர், அவனும் நானும். என் கணவருக்குத் தமிழ் வராது, பெண் ஹம்சினிக்குப் பாதி புரியும். பதில் என்னவோ வங்காளத்தில்தான் வரும்.

அந்தப் பெட்டி கிரீஷ் முதல் சம்பளத்தில் வாங்கியது. உள்ளே இருப்பதையெல்லாம் எத்தனையோ தடவை மாற்றிவிட்டான், வெளிக்கூடு மட்டும் பழையது. பழுத்த மஞ்சள் நிறம், மூலைகளில் துரு. "பத்து மணி நேரம் அது மூஞ்சியிலதான் முழிக்கறேன். கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்கட்டுமே" என்றான். நியாயம்தான்.

அடிக்க ஆரம்பித்தான். மொட்டை மாடிக்குப் போனால் அப்பா கூப்பிடுவது கேட்காது. அதனால் பால்கனியில் பேப்பர் விரித்து வேலை. ஸ்ப்ரே பெயிண்டுக்கு ஒரு தர்மம் உண்டாம். ஒரு பக்கத்தை ஆரம்பித்தால் ஈரம் காய்வதற்குள் ஒரே மூச்சாக முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் விட்ட இடத்தில் கோடு விழும். அப்பாவோ ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "கிரீஷ்!" என்பார். டப்பாவை வைத்துவிட்டு ஓடுவான். தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தால் கோடு விழுந்திருக்கும். எனக்குப் படம் அனுப்பினான். அப்பா எத்தனை தடவை கூப்பிட்டார் என்பதைப் பெட்டியில் விழுந்த கோடுகளை எண்ணிச் சொல்லிவிடலாம்.

'பிரமாதம்' என்று பதில் அனுப்பினேன்.

உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தான். மழை ஈரத்தில் நீலத்தின்மேல் பால் கொட்டினாற்போல வெள்ளை பூத்தது. மறுபடி தேய்த்தான். மூன்று வாரத்தில் நான்கு தடவை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். நான் என் கணவரிடம், 'பாவம், அவனுக்கும் பொழுது போக வேண்டாமா' என்று சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரஸ்வதி பூஜை வந்தது. ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டு பந்தல் பந்தலாக அலைகிற நாள். அம்மா போன பிறகு பிறந்த வீட்டுப் பூஜையை நான்தான் போய்ச் செய்கிறேன். புத்தகங்களை அடுக்கி, ஹம்சினியின் வயலினை வைத்து, கிரீஷின் கம்ப்யூட்டரையும் தூக்கிப் பலகைமேல் வைக்கச் சொன்னேன். ஐந்தாவது தடவையாக அடித்திருந்தான். அதற்கு முதல் நாள்தான் அடித்தது. இந்தத் தடவை கோடுகள் குறைவு, பரவாயில்லை என்று சொல்லலாம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து முகப்பில் மூன்று பொட்டு வைத்தேன், நடுவில் குங்குமம். கிரீஷ் கையில் மணியோடு பார்த்துக்கொண்டு நின்றான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயிண்ட் இன்னும் இளசு என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். சொல்லாமல்தான் நின்றான் என்று இன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. விஜயதசமி காலையில் துடைத்தால், காய்ந்த சந்தனம் பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு வந்தது. முகப்பில் மூன்று பள்ளம், உள்ளே பழைய மஞ்சள். பள்ளங்களைத் துணியால் மறைக்கப் பார்த்தேன். கிரீஷ் சிரித்தான். நான்கு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"இனிமே கடைக்குத்தான் போகணும் அக்கா" என்றான்.

செய்த குற்றத்துக்கு வேறு வழியில்லை. அடுத்த ஞாயிறு வருவதாக ஒத்துக்கொண்டேன்.

பெட்டியைக் காலி செய்து, பழைய போர்வையில் சுற்றி, பத்து மணிக்குக் கிளம்பினான். இஸ்திரி போட்ட சட்டை. பவுடர் பூசுகிற பட்டறைக்கு யார் இப்படிப் போவார்கள்? "என்ன, மாப்பிள்ளை அழைப்புக்கா போறே?" என்று கேலி செய்தேன்.

பத்தேகாலுக்கு ஆரம்பித்தது. "கிரீஷ்!"

"கிரீஷ் வெளியில போயிருக்கான்பா. நான் விஜி."

தலையாட்டினார். அரிசியைக் களைய எழுந்தேன். "கிரீஷ்!" போர்வையை விலக்க வேண்டும். விலக்கினேன். "கிரீஷ்!" போர்வையைப் போர்த்த வேண்டும். ரசத்தை அடுப்பில் வைத்தேன். "கிரீஷ்!" என்னப்பா என்றால் "ஒண்ணுமில்லே." ரசம் சுண்டிப் பாத்திரம் அடிப்பிடித்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு நிமிஷத்தில் நான்கு தடவை. ஒரு பத்தி படிக்க முடியவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு என் பொறுமை தீர்ந்தது.

"ஒண்ணுமில்லேன்னா எதுக்குப்பா கூப்பிட்டுண்டே இருக்கேள்?" கத்திவிட்டேன்.

அப்பா பயந்துபோய்ப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இருக்கியான்னு பாத்தேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா, கிரீஷுக்காகவா, எனக்காகவா தெரியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிந்தது. தெரிந்தும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு அவனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆறு மணிக்கும் எடுக்கவில்லை. ஏழே காலுக்குத்தான் வந்தான்.

"எங்கேடா போய்த் தொலைஞ்சே? போனை எடுத்தா என்ன?"

"ஸைலண்ட்ல போட்டுட்டேன் அக்கா. தப்புதான்."

கடை ரசீதை மேஜையில் வைத்தான். எதைக் கண்டாலும் படிக்கிற பழக்கம் எனக்கு. கீழே அச்சடித்திருந்தது: சாமானை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வோம், வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்.

"ஆத்துக்கே வருவாளா? உனக்குத் தெரியுமா?"

"மொதல்லேர்ந்தே தெரியும். இன்னிக்கும் கேட்டா. வேண்டாம்னுட்டேன்."

"அப்போ எதுக்குடா இத்தனை கூத்து?"

அவன் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். "குடுக்கறதுக்கு இருபது நிமிஷம்தான் ஆச்சு. அப்பறம் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சுல உக்காந்தேன். யார்டுல ரயில் பெட்டியைக் கழட்டறதும் மாட்டறதுமா இருந்தா, பாத்துண்டிருந்தேன். ரெண்டு டீ குடிச்சேன்." செருப்பை ஓரமாகத் தள்ளினான். "ஆறு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடலை அக்கா."

அவன் முகம் தூங்கி எழுந்த முகம்போல இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ரெடியாயிடும். போய் வாங்கிண்டு வரணும். நீ வந்தேன்னா..."

உள்ளேயிருந்து "கிரீஷ்!"

"இதோ வந்துட்டேன்பா!" எழுந்தான். போகாமல் என் முகத்தையே பார்த்தான்.

அந்தக் குரல் கேட்டதும் அன்றைய பகல் பூராவும் என் முதுகில் மறுபடி ஏறி உட்கார்ந்தது. "அடுத்த வாரம் ஹம்சினிக்குப் பரீட்சைடா" என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. பரீட்சை இருந்தது வாஸ்தவம். அது வியாழக்கிழமையே முடிந்துவிடும். அவள் தானே படித்துக்கொள்கிற பெண்.

கிரீஷ் கோபித்துக்கொள்ளவில்லை. "ஓ, சரி" என்றான். உள்ளே போய் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்தான். கடைக்குப் போன் செய்து, வங்காளத்தில் வீட்டு முகவரியை நிதானமாகச் சொன்னான். தெருப் பெயர், எதிரே மருந்துக்கடை, மூன்றாம் மாடி, எப்போது வந்தாலும் ஆள் இருக்கும்.

"இல்லடா, நான் எப்படியாவது வரேன்" என்றேன், அவன் போனை வைத்த பிறகு.

"பரவால்லக்கா, சொல்லியாச்சு. நீ கிளம்பு, ஹம்சினி காத்துண்டிருப்பா."

சனிக்கிழமையே வேன் வந்தது. படம் அனுப்பினான், பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை, அவ்வளவு சுத்தமான மயில்கழுத்து நீலம். வேன் வந்துவிட்டது என்று டிரைவர் போன் செய்ததும், கீழேயாவது போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிரீஷ் செருப்பை மாட்டிக்கொண்டானாம். அதற்குள் கடை ஆட்கள் மாடி ஏறி வந்து, பெட்டியை அவன் மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனார்களாம்.