பனித் தெருவில் ஒரு கதிரை

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். இருபத்தெட்டு வருடம் கல்முனையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். ஜின் என்று ஒரு படைப்பு இருக்கிறது என்பது மார்க்கம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருதமுனைக் கடற்கரையில் நெருப்புப் பெட்டி கேட்ட ஜின், நாவிதன்வெளி வரம்பில் மோட்டார் சைக்கிளை மறித்த ஜின் என்று யாராவது கதை கொண்டு வந்தால், "சும்மா போங்க, வேற வேல இல்லயா?" என்று துரத்திவிடுவேன். இப்போது நானே உங்களைக் கூப்பிட்டு இருத்தி வைத்துச் சொல்கிறேன். அல்லாஹ் மேல் ஆணையாக நடந்தது.

என் மூத்த மகள் ஹஸ்னா சிகாகோவில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன் அவளுக்குத் தலைப்பிள்ளை. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சுகிற சரக்குத் தூளையும் நல்லெண்ணெயையும் கட்டிக்கொண்டு டிசம்பர் மாதம் போய் இறங்கினேன். எங்கட ஆள், ஹஸ்னாட வாப்பா, வரவில்லை, பெரும்போக நெல் வெள்ளாமையை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். வெள்ளாமை ஒரு சாட்டு, அவருக்குக் குளிர் என்றால் பயம்.

பனி அழகு என்று படத்தில் பார்த்துச் சொல்கிறார்களே, அவர்களை அங்கே ஒரு மாதம் கொண்டுபோய் விட வேண்டும். முதல் நாள் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் அது ஊத்தைச் சாம்பல் நிறமாகிவிடும், உருகி, திரும்ப இறுகிக் கண்ணாடியாகும், அதில் கால் வைத்தால் இடுப்பு போய்விடும். வாசற்படிக்கு உப்புத் தூவ வேண்டும். வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையை அந்தந்த வீட்டுக்காரர்தான் வழிக்க வேண்டும், வழிக்காவிட்டால் அக்கம்பக்கம் முகம் கொடுத்துக் கதைக்காது. கடைக்குப் போய் ஒரு பால் போத்தல் வாங்கி வருவதற்கு அரை மணித்தியாலம் உடுப்பு உடுக்க வேண்டும். வெளியே மூச்சு இழுத்தால் மூக்கு மயிர் விறைக்கும், உள்ளே வந்து கதவுப் பிடியைத் தொட்டால் கரண்ட் அடிக்கும். நாலரைக்கெல்லாம் பொழுது பட்டு மஃரிப். ஆனால் அந்த ஊர் ஆட்களைப் பார்த்தால் ஒரு கவலையும் இல்லை, நாங்கள் மாரி மழையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

எனக்குப் பொறுக்க முடியாதது சத்தம். சத்தம் என்றால், சத்தம் இல்லாதது. பிறந்த நாள் முதல் கடல் இரைச்சலோடு வாழ்ந்தவள் நான். பனி கொட்டும்போது அங்கே காது இரண்டிலும் பஞ்சு வைத்த மாதிரி ஒரு அமைதி, வாகனம் போவதும் கேட்காது.

முதல் பெரிய பனி கொட்டிய அடுத்த நாள் காலையில் யன்னல் சீலையை விலக்கினால், தெரு நெடுகக் கதிரை, ஆள் இல்லாத வெறும் நாற்காலிகள். இந்த வீட்டுக்கு முன்னால் இரண்டு, அந்த வீட்டுக்கு முன்னால் ஒன்று, முழுக்க ரோட்டோரத்தில். நமது ஊரில் வீட்டு வாசலில், ரோட்டில், கதிரை இறக்கினால் என்ன அர்த்தம்? ஒன்றில் கலியாணம், இல்லாவிட்டால் மௌத்து, சாவு வீடு. பந்தலும் லைட்டும் இல்லாமல் வெறும் கதிரை என்றால் மௌத்துத்தான். நான் நெஞ்சில் கை வைத்து, "இன்னா லில்லாஹி, இத்தின வீட்டிலயா? என்ன நோய் வருத்தம் வந்திச்சி இந்த ஊருக்கு?" என்று கத்திவிட்டேன். மருமகன் ரிஸ்வான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"மாமி, அது கார் நிப்பாட்டுற இடம். மூணு மணித்தியாலம் பனியக் கிண்டி இடமெடுத்தா, அடுத்தவன் வந்து நிப்பாட்டாம இருக்கக் கதிரய வெச்சிட்டுப் போவாங்க. ஒருத்தரும் அத எடுக்க மாட்டாங்க."

விளங்கியது. விளங்கினாலும் மனம் ஒப்பவில்லை. அவரும் பனி அள்ளும் சவலை எடுத்துக் கிண்டி இடம் பண்ணிவிட்டு, குசினிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், நான் கதவை மறித்துவிட்டேன். "பச்சப் புள்ள இருக்கிற வீட்டுக்கு முன்னால கதிரயா? நான் இருக்குமட்டும் அது நடக்கா." விஞ்ஞானம் படிப்பித்தவள்தான், ஓம், கேட்காதீர்கள். கடைசியில் உடுப்பு அயன் பண்ணும் பலகையைக் கொண்டுபோய் நட்டு வைத்தார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஹஸ்னாவுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள். மருமகன் வழக்கம்போலப் பலகையை நட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ளுஹர் தொழுதுவிட்டு அவளுக்குச் சோறு கொடுத்தேன், இரண்டு வாய் சாப்பிட்டாள், தலை சுற்றுது உம்மா, கொஞ்சம் படுக்கிறேன் என்று பிள்ளையோடு மாடிக்குப் போனாள். வெளியே பனி கொட்டத் தொடங்கியது. அஸர் தொழுகைக்கு ஒளுச் செய்து வந்து யன்னலால் பார்த்தேன். பகல் மூன்று மணி, நல்ல வெளிச்சம், வெள்ளை எல்லாம் சேர்ந்து கண் கூசுகிற வெளிச்சம்.

பலகையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு கதிரை. கதிரையில் ஒரு ஆள்.

வெள்ளைச் சேர்ட்டும் இடுப்பில் சாரனும் தொப்பியும். அந்தக் குளிரில், சாரன். காலில் செருப்புக்கூட இல்லை. முகம் தெரியவில்லை, தலையைக் குனிந்து, முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றி, கையைக் கோத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அந்த இருப்பு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். மௌத்து வீட்டு வாசலில் ஆம்பிளைகள் அப்படித்தான் இருப்பார்கள், ஜனாஸாவைத் தூக்குமட்டும், ஒன்றும் கதைக்காமல்.

எனக்குப் பயம் வரவில்லை, நம்பினால் நம்புங்கள், ஆத்திரம்தான் வந்தது. மருமகனின் ஊர்க்கூட்டாளி எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேனோ என்னவோ. கதவைத் திறந்து, சப்பாத்தில்லாமல் வெறும் மேசோடு மூன்றாம் படி வரை இறங்கிக் கத்தினேன்.

"ஆரது? இது மௌத்து வீடில்ல, புள்ள பெத்த வீடு! எழும்பிப் போங்க!"

தமிழில்தான் கத்தினேன். அமெரிக்கத் தெருவில் தமிழில் கத்துகிறேன் என்ற நினைப்பே இல்லை. அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் பதில் சொன்னார். இருபது யார் தூரம், பனி கொட்டுகிறது, சத்தம் வரவே கூடாது. என் காதடியில் கேட்டது.

"ஓம் புள்ள. நான் கொஞ்சம் வெள்ளெனவே வந்திட்டன்."

நம்மட பேச்சு. அதட்டல் இல்லை, கெட்ட குரல் இல்லை. விருந்துக்கு நேரத்துக்கு முந்தி வந்துவிட்ட ஆள் வெட்கப்பட்டுச் சொல்வாரே, அந்தக் குரல்.

அவ்வளவுதான். உள்ளே ஓடிக் கதவைச் சாத்தி, மாடிப்படியில் இரண்டு தரம் விழுந்து எழும்பி மகளின் அறைக்குப் போனேன். பிள்ளை முழித்துக்கொண்டு அழாமல் கிடந்தது. ஹஸ்னா தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். நெற்றியில் கை வைத்தால் ஐஸ். போர்வையை இழுத்தேன், யா அல்லாஹ், அதைத் திரும்பச் சொல்லக் கேட்காதீர்கள், மெத்தை முழுக்க இரத்தம். "ஹஸ்னா, ஹஸ்னா" என்று கன்னத்தில் அடித்தேன். உதடு மட்டும் அசைந்தது, சத்தமில்லை.

மருமகனுக்கு ஃபோன் அடித்தேன், அவர் அங்கிருந்தே அம்புலன்ஸுக்குச் சொன்னார். எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்று தெரியாது, யாசீன் ஓத ஆரம்பித்து நடுவில் மறந்து திரும்பத் திரும்ப முதலில் இருந்து ஓதினேன். அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு பின்னால் இறங்கினேன். அப்போது பார்த்தேன். அந்த இடத்தில் அயன் பலகை நின்றது, நாலு விரல் உயரப் பனியோடு, காலையிலிருந்து அசையாத மாதிரி. படி ஓரமாக என் காலடி மூன்று இருந்தது. வாசலில் அம்புலன்ஸ்காரரின் சப்பாத்து அடையாளம் இருந்தது. பலகையைச் சுற்றிப் பனி பாய் விரித்தது போல ஒரு அடையாளமும் இல்லாமல் கிடந்தது.

இன்னும் இருபது நிமிடம் பிந்தியிருந்தால் கையில் கிடைத்திருக்க மாட்டாள் என்று டொக்டர் சொன்னதாக மருமகன் அழுது அழுது சொன்னார். நாலு பை இரத்தம் ஏற்றினார்கள். எழும்பிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். இன்றைக்கும் அவளுக்கு இது தெரியாது. "எப்படி உம்மா அந்த நேரம் பார்த்து மேல வந்தீங்க?" என்று கேட்பாள், மனசு சொல்லிச்சி மகள் என்பேன்.

நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் நித்திரை இல்லாத பொம்பிளை, கண் கூசுகிற வெள்ளை, மூளை தானாக ஒரு உருவம் செய்தது. வகுப்பில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே ஒரு மௌலவியிடம் பேரைச் சொல்லாமல் கேட்டேன், அது ரஹ்மத், அல்லாஹ்வின் கருணை, எச்சரிக்க வந்தது என்றார். எச்சரிக்க வந்தவர் "மகளைப் போய்ப் பார்" என்றல்லவா சொல்வார்? இவர் அப்படிச் சொல்லவில்லையே. நான் எழும்பிப் போகச் சொன்னதற்கு, ஓம் என்றார். நேரம்தான் பிழை என்றார். நேரத்துக்கு முந்தி வந்தவர் போய்விட்டு, சரியான நேரத்துக்குத் திரும்பி வருவார்தானே?

வருகிற மாதம் மகன்ட கலியாணம். ஹஸ்னா பிள்ளையோடு வருகிறாள், நம்மட வீட்டில்தான் நிற்கப் போகிறாள். நேற்றுக் கதிரை வாடகைக்கு விடுகிறவர் ஃபோன் எடுத்தார், இருநூறு போதுமா ராத்தா என்று. ஒன்றும் வேண்டாம், பாய் விரிப்போம் என்று சொல்லிவிட்டேன். எங்கட ஆள் வீடே அதிரக் கத்தினார், ஊரே சிரிக்கும், கதிரை இல்லாமல் ஒரு கலியாணமா என்றார். சிரிக்கட்டும். "கொஞ்சம் வெள்ளென" என்று அந்த மனிதர் சொன்னாரே, அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்கு யாராவது சொல்லுங்கள், அதற்குப் பிறகு கதிரை போடலாம்.