கிளடிஸ் கழுவாமல் விட்ட பிரஷ்

கனடாவில் மில்லிக்கன் பக்கத்தில் கல்யாணம் என்றால், மணப்பெண்ணை அலங்கரித்து வெளிக்கிடுத்தக் கிளடிஸைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய பையில் முப்பத்திரண்டு மேக்கப் பிரஷ்கள் இருந்தன. கடையில் எதை எடுத்தாலும் முதலில் தன் கண்ணுக்குக் கீழே தடவிப் பார்ப்பாள். குத்தினால் அப்படியே வைத்துவிடுவாள். பிறகு மயிரை மெல்ல இழுப்பாள். ஒன்று கழன்றாலும் வாங்கமாட்டாள். ஒவ்வொரு கல்யாணமும் முடிந்தபின், இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழந்தைகளின் ஷாம்பு விட்டு எல்லாவற்றையும் கழுவுவாள். மயிரைப் பிடியோடு ஒட்டிய பசை இளகிவிடும் என்பதற்காக நுனியைக் கீழே பிடித்துத்தான் கழுவுவாள்.

2009ஆம் ஆண்டு அந்த ஒழுங்கு குலைந்தது. அவளுடைய தம்பி அலெக்ஸாண்டர் மனைவி பிள்ளையோடு வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தான். ஜனவரிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டில் தொலைக்காட்சி நிற்காமல் ஓடியது. ஆனாலும் ஒப்புக்கொண்ட வேலைகளை அவள் கைவிடவில்லை.

மே மாதத் தொடக்கத்தில், ரூஜ் பகுதியில் இருந்த குணவதியின் மகள் அட்சயாவுக்கு ஒத்திகையாக மேக்கப் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் குணவதி தொலைபேசியில் அழைத்தாள்.

"பிள்ளையின்ரை முகமெல்லாம் சிவந்து பொங்கிப்போச்சு. றால் கறி ஒத்துக்கொள்ளேல்லைப் போல. கலியாணத்துக்கு இன்னும் இரண்டு கிழமைதான் கிடக்கு."

கிளடிஸ் பையைத் திறந்தாள். முந்தின மணப்பெண்ணுக்குப் பூசிய பவுண்டேஷன் பெரிய பிரஷில் காய்ந்து, மயிர்கள் கட்டியாய் ஒட்டியிருந்தன. அதைத்தான் அட்சயாவின் கன்னத்திலும் போட்டிருக்கிறாள். றாலின் மேல் பழி போனால் போகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு காரில் குணவதி வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, றால் இல்லை. நான் பிரஷைக் கழுவேல்லை. என்ரை பிழைதான்."

குணவதி பிரஷை வாங்கிப் பார்த்தாள். அட்சயாதான் முதலில் வாய் திறந்தாள்.

"மூண்டு நாளா றால் சாப்பிட்டதுக்கு அம்மா என்னைப் பேசிக்கொண்டிருக்கிறா, அன்ரி. தாங்க்ஸ்."

குணவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கிளடிஸின் முகத்தைப் பார்த்தாள்.

"தம்பியார் ஏதும் கதைச்சவரோ?"

கிளடிஸ் இல்லையென்று தலையாட்டினாள். நான்கு மாதமாக அடைத்து நின்ற அழுகை அப்போதுதான் வந்தது. குணவதி அவளைச் சாப்பாட்டு மேசைக்கு முன் இருத்தி, இடியப்பமும் சொதியும் வைத்தாள். சாப்பிட்டு முடிந்ததும், "அந்தப் பையைக் கொண்டு வாரும்" என்றாள்.

மூவரும் குசினித் தொட்டியில் முப்பத்திரண்டு பிரஷ்களையும் கழுவினார்கள். தண்ணீர் வெகுநேரம் மண்ணிறமாகவே ஓடியது. அட்சயா ஒவ்வொன்றாக வாங்கித் துவாயில் கிடையாக அடுக்கினாள். அந்த ஒரு மணித்தியாலமும் கிளடிஸின் காதில் செய்தி எதுவும் விழவில்லை.

மருத்துவர் கொடுத்த களிம்பில் அட்சயாவின் முகம் ஆறியது. மே பதினெட்டில் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டதென்ற செய்தி வந்தது. குணவதி மண்டபத்தையும் மேளத்தையும் நிறுத்தி, அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சுருக்கமாகத் தாலி கட்ட ஏற்பாடு செய்தாள். மேக்கப்புக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாள் கிளடிஸ். அட்சயா கேட்கவில்லை. கல்யாணத்தன்று கண்ணுக்கு இட்ட மை கோணியது; கிளடிஸ் துடைத்துவிட்டு மறுபடியும் இட்டாள்.

"ஆறுதலாச் செய்யுங்கோ, அன்ரி. ஐயர் காத்திருப்பார்" என்றாள் அட்சயா, கண்ணைத் திறக்காமலே.

ஜூன் கடைசியில் வவுனியாவிலிருந்து அழைப்பு வந்தது. அலெக்ஸாண்டரும் மனைவியும் பிள்ளையும் முகாமில் உயிரோடு இருந்தார்கள். கிளடிஸ் முதலில் குணவதிக்குத்தான் சொன்னாள்.

"கடவுளே, ஒரு வீட்டு ஆக்களாவது வந்து சேர்ந்திட்டினம்" என்று குணவதி விம்மினாள். அவளுடைய சொந்த அக்காவும் வன்னியில்தான் இருந்தாள் என்பதைக் கிளடிஸ் அன்றைக்குத்தான் அறிந்தாள். தனக்கு இடியப்பம் பரிமாறிய நாளில்கூட குணவதி அதைச் சொல்லவில்லை.

அந்த அக்காவைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. கிளடிஸ் இப்போது அஜக்ஸ் நகரில் இருக்கிறாள். ஒவ்வொரு மே மாதமும் தேவாலயத்தில் அந்த அக்காவின் பெயருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்பாள். குணவதி நெற்றியில் திருநீற்றோடு வந்து, அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பாள்.