கைப்பிடிக்கு ஒரு சாண்

என் அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். அந்தப் பாதிப் பேரும் அத்தானைத் தெருவில் கண்டால் எதிர்வரிசைக்கு மாறிவிடுவார்கள். அவர் கொடுக்கும் தண்டனை அப்படி.

பயிற்சியின்போது எஞ்சினை அணையவிட்டால் மாணவர் இறங்க வேண்டும். இறங்கி, அடுத்த சந்திப்புவரை வண்டிக்குப் பின்னால் நடந்து வர வேண்டும். பயிற்சிக் காரில் ஆசிரியரின் காலடியிலும் இரண்டு பெடல்கள் இருக்கும். இடது காலுக்கு கிளட்ச், வலது காலுக்கு பிரேக். அத்தான் இருந்த இடத்திலிருந்தே ஒரு கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கிளட்சை மெல்ல விட்டு வண்டியை ஊர விடுவார். ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்க, கார் தானாகப் போவதுபோல் போகும். பின்னால் வங்கி மேலாளரோ, கல்லூரி மாணவியோ, புதிதாகக் கல்யாணமானவரோ வியர்வை வழிய நடப்பார். சந்திப்பு வந்ததும் வண்டி நிற்கும். நடந்து வந்தவரின் கை கதவின் கைப்பிடியை எட்டும் நேரத்தில் அத்தான் ஒரு சாண் நகர்த்துவார். அவர் மறுபடி எட்டுவார். இவர் மறுபடி ஒரு சாண் நகர்த்துவார். தேநீர்க் கடையில் நிற்பவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் கதவு திறக்கும்.

"அவமானப்பட்டாதான் கால் கத்துக்கும்" என்பார். ஊர்க்காரர்கள் அவருடைய ஓட்டுநர் பள்ளிக்கு நடைப்பயிற்சிப் பள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் கடைசி மாணவர்தான் அவரை வீடுவரை ஓட்டி வருவார். வண்டியை வாசலில் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்து போவார். காலையில் முதல் மாணவர் வீட்டுக்கே வந்து அவரை ஏற்றிக்கொள்வார். இருபது வருடமாக இதுதான் நடைமுறை. அதனால் அத்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அக்காவே ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். "கல்யாணமான புதுசுல ஒரு தடவை ஓட்டினாரு. அப்பவும் பக்கத்துல அவங்க அண்ணன் உக்காந்திருந்தாரு" என்பாள்.

அதிகமாக நடந்தது அவருடைய மகள். பதினெட்டு வயதில் அப்பாவிடம் கற்க ஆரம்பித்தாள். அவர் அவளைத் தேர்வுக்கு அனுப்பவே இல்லை. "உன் கால் கட்டைக் கால். என் பேரைக் கெடுத்துடுவ." தோழிகள் நிற்கும் பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால்தான் அவளை இறக்கிவிடுவார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவளே வகுப்பை விட்டாள். அதையும் அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இந்த நிலையில் தெருவின் எதிர்ப்பக்கத்தில் புதிய ஓட்டுநர் பள்ளி ஒன்று திறந்தார்கள். குளிர்சாதன வகுப்பறை, திட்டாத ஆசிரியர்கள். வாசலில் ஆளுயரப் பலகை, அதில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் சாய்ந்து நிற்கும் அதன் முதலாளி. இரண்டு வருடத்தில் அத்தானின் மாணவர்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்தார்கள். மீதியிருந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பயிற்சிக் கார் பாதி நாள் வாசலிலேயே நின்றது. பள்ளியை மூடினால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

"அவன் சாஞ்சுதான் நிக்குறான். நான் ஓட்டிக் காட்டுறேன்" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. இத்தாலிய கூபே, அதாவது தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது, மலைச்சாலையில் ஓட்டுவது, அதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவது, படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் பள்ளி வாசலில் வைப்பது. திட்டம் அதுதான்.

"பெடல் எட்டுமா?" என்றாள் அக்கா, சோற்றைப் பிசைந்தபடி.

"நீ வாயை மூடு."

மகள் மட்டும் உடனே போனை எடுத்தாள். "நான் புக் பண்றேம்ப்பா." அவர் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவள் அப்பாவுக்காக எதையும் உற்சாகமாகச் செய்து நான் பார்த்ததில்லை. நான் பல ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அவர்கள் வீட்டு மாடியறையில் பெட்டியைப் பிரிக்காமல் கிடந்தேன். வீடியோ எடுக்கும் வேலை எனக்கு வந்தது.

ஞாயிறு காலை வண்டி வந்தது. ஈரமான கல்லின் சாம்பல் நிறம். இடுப்புயரம்கூட இல்லை. கைப்பிடியைக் காணோம். கதவோடு கதவாகப் படுத்திருந்தது. வாடகைக் கம்பெனி ஆள் பூட்டைத் திறந்ததும்தான் மெல்ல வெளியே வந்து கை கொடுத்தது. கம்பெனி விதிப்படி அவரும் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பின்னால் இருக்கை என்ற பெயரில் இரண்டு குழிகள். எனக்கும் மகளுக்கும் முட்டி தாடையைத் தொட்டது.

அத்தான் உள்ளே இறங்கினார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, தொட்டிக்குள் இறங்குவதுபோல் இறங்கினார். கீழே பார்த்தார். இரண்டே பெடல்கள். அவர் முகம் மலர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். இருபது வருடமாக அவர் கால்களுக்குக் கீழே இருந்ததும் இரண்டுதான்.

"கிளட்ச் கிடையாது சார். இது பிரேக், இது ஆக்ஸிலேட்டர்" என்றார் கம்பெனி ஆள்.

"தம்பி, நான் வாத்தியார்."

பொத்தானை அழுத்தியதும் வண்டி இருமவில்லை, உறுமவில்லை. அடித்தொண்டையில் ஏதோ கேட்டது, பிறகு அது என் முதுகெலும்பில் ஏறிக்கொண்டது. ஊரைத் தாண்டும்வரை அத்தான் நன்றாகவே ஓட்டினார். ஸ்டியரிங் விரலசைவுக்கே திரும்பியது. அவர் பழக்கப்படி அதிகமாகத் திருப்ப, வண்டி வெடுக்கென்று ஒதுங்கிப் பிறகு நேரானது. சாலையில் கிடந்த சின்னக் கல்கூட இடுப்பில் தெரிந்தது. வேகத்தடைகளில் வண்டியின் அடிவயிறு உரசியபோது கம்பெனி ஆள் கண்களை மூடிக்கொண்டார்.

சமவெளியில் ஒரே ஒரு முறை ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். நாங்கள் இருவரும் பின்னால் ஒட்டிக்கொண்டோம். மரங்கள் கலைந்து ஓடின. அத்தான் சிரித்தார். ஒருவரையும் கேலி செய்யாமல் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"எடுக்கறியா?" என்றார் என்னிடம்.

"எடுக்கறேன் அத்தான்."

மலைச்சாலை தொடங்கும் இடத்தில், ஒரு கேட்டிலிருந்து தண்ணீர் லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. நிறைய இடம் இருந்தது. புதிதாகப் படிக்கிறவர்கூட நிறுத்தியிருப்பார். ஆனால் அத்தானின் கால்கள் இரண்டும் ஒன்றாக இறங்கின, ஆபத்து என்றால் எப்போதும் இறங்குவதுபோல. இடது கால் கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில், வலது கால் பிரேக் இருக்க வேண்டிய இடத்தில். இடது காலுக்குக் கிடைத்தது பிரேக். வலது காலுக்குக் கிடைத்தது ஆக்ஸிலேட்டர். வண்டி மூக்கைத் தரையில் குத்தி அலறியது.

"வலது காலை எடுங்க சார்!"

அவர் இடது காலை எடுத்தார். வண்டி பாய்ந்தது. சாலையோர மணல் குவியலில் முன்கண்ணாடிவரை செருகி நின்றது. மணல் சத்தமில்லாமல் சரிந்து கூரைமேல் விழுந்தது.

லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "யாருகிட்ட சார் ஓட்டக் கத்துக்கிட்டீங்க?"

"இவரே வாத்தியாருண்ணே" என்றாள் மகள் பின்னாலிருந்து.

லாரிக்காரர் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கம்பெனி ஆள் வண்டியைப் பின்னெடுத்து, சுற்றிவந்து தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. "ஆனா நீங்க இனிமே ஓட்ட முடியாது சார். ரெண்டாவது டிரைவர்னு மேடத்தோட பேரு புக்கிங்ல இருக்கு. அவங்க ஓட்டலாம்."

அத்தான் மகளைப் பார்த்தார். "இவளா? இவளுக்கு ஏது லைசென்ஸ்?"

"போன வருஷமே வாங்கிட்டேம்ப்பா. எதிர்ப் பள்ளியிலதான் கத்துக்கிட்டேன். ஒரு தடவைகூட நடக்க வைக்கல."

அவள் முன்னால் போய் உட்கார்ந்து இருக்கையைச் சரிசெய்தாள். கம்பெனி ஆள் அவளுக்குப் பக்கத்தில் ஏறினார். அத்தான் பின்னால் ஏற வேண்டும். அதற்கு முன் கதவு மூடிக்கொண்டது.

"நடந்து வாங்கப்பா. அந்த வளைவுவரைக்கும்தான்."

விளையாட்டு என்று நினைத்து அவர் புன்னகைத்தார். வண்டி ஊர்ந்தது. அவர் நடந்தார். லாரிக்காரர் போகாமல் நின்று பார்த்தார்.

"போதும்டி" என்றேன்.

"நீ எடு சித்தி. நிறுத்தாத."

பின்கண்ணாடி தபால் உறை அளவுதான். அதற்குள் அவர் முழுதாகத் தெரிந்தார். மணல் ஒட்டிய சட்டை, காற்றில் கலைந்து வழுக்கையைக் காட்டிய முடி. வளைவில் அவள் நிறுத்தினாள். அவர் மூச்சுவாங்க வந்து கதவில் கைப்பிடியைத் தேடினார். வெறும் தகடு. தடவினார். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது, கைப்பிடி வெளியே வந்தது, அவர் விரல்கள் பட்டன. அவள் ஒரு சாண் நகர்த்தினாள்.

அவர் இரண்டடி வைத்து எட்டினார். மறுபடி ஒரு சாண்.

அவளுக்கு எல்லாம் அத்துப்படியாக இருந்தது. எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும், எந்த நொடியில் விட வேண்டும், எதுவும் பிசகவில்லை. கம்பெனி ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அத்தான் கையை எடுத்துவிட்டு நின்றார். கூப்பிடவில்லை, திட்டவில்லை. அப்போதுதான் கதவைத் திறந்தாள்.

அவர் குனிந்து, மடங்கி, என் பக்கத்துக் குழிக்குள் தன்னைத் திணித்துக்கொண்டார். நான் போனை இறக்கினேன்.

"திங்கட்கிழமையிலேர்ந்து எதிர்ப் பள்ளியில வேலைக்குப் போறேன்" என்றாள் மகள், கண்ணாடியைச் சரிசெய்தபடி. "பொம்பளைங்களுக்குச் சொல்லித் தரணும். சித்தி, அந்த வீடியோவை எனக்கு அனுப்பு. வாசல்ல டிவி வைக்கப் போறாங்களாம்."

அவள் அழுத்தினாள். நன்றாக ஓட்டினாள், அதையும் சொல்ல வேண்டும். வளைவுக்கு முன்னால் வேகத்தை இறக்கி, வளைவுக்குள் மெல்ல ஏற்றி, மலையை வண்டிக்கடியில் வழுக்க விட்டாள். எஞ்சின் ஒவ்வொரு திருப்பத்திலும் திருப்தியாக முனகியது. இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒவ்வொரு வளைவிலும் அத்தானின் கால்கள் இரண்டும் என் பக்கத்தில் தரையை மிதித்துக்கொண்டே வந்தன.

அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

"அங்க ஒண்ணும் இல்லப்பா."