நாற்பத்தேழாம் நம்பரைச் சேர்க்கப் போன கதை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் உட்கார்ந்து, எங்கள் கல்லூரியில் சேரச் சொல்லி ஒரு பெண்ணிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அவள் ஏற்கெனவே எங்கள் கல்லூரி. இரண்டாம் வருஷம். என் வகுப்பு. நான்தான் அவளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன்... எடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எப்படி நடந்தது? சித்தூர்–திருப்பதி ரோட்டில் இருக்கும் எங்களைப் போன்ற தனியார் கல்லூரிகளில், இன்டர் ரிசல்ட் வந்ததும் — உங்கள் பிளஸ் டூதான் இங்கே இன்டர் — வாத்தியார்கள் எல்லாரும் சேல்ஸ்மேன் ஆகிவிடுவோம். கையில் பிரவுஷர், கழுத்தில் ஐ.டி. கார்டு, வாரம் முழுக்க வகுப்பில் காட்டாத ஒரு சிரிப்பு. எனக்கு விழுந்தது பாலசமுத்திரம் பக்கம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் அதிகம். எனக்கு நல்ல தமிழ் வரும் என்று பிரின்சிபால் நம்புகிறார். அவர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.

வேன் ஓட்டியது முனிகிருஷ்ணன். வார நாட்களில் கல்லூரி பஸ் ஓட்டுகிறவர்.

மாந்தோப்பை ஒட்டி ஒரு வீடு. வாசலில் ஒரு பெண். “இன்டர் முடிச்சவங்க யாராவது இருக்காங்களாம்மா?” என்றேன்.

“நான் முடிச்சேன் சார்.”

உண்மைதானே? ஆரம்பித்துவிட்டேன். லேப், லைப்ரரி, வேலைவாய்ப்பு. “வீட்டு வாசலுக்கே பஸ் வரும்மா” என்றபோது, வேனில் சாய்ந்து நின்ற முனிகிருஷ்ணன் இருமினார். “ஒரு நாள் வரலேன்னாகூட வீட்டுக்கு போன் போட்டு விசாரிப்போம்” என்றபோது இன்னும் பலமாக இருமினார். வெயிலில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் கண்ணெடுக்காமல் கேட்டாள். இப்படி ஒரு ஸ்டூடண்ட் என் வகுப்பில் இல்லையே என்று ஏங்கக்கூடச் செய்தேன்.

கடைசியில் ஃபாரத்தை எடுத்தேன். “பேரு?”

“லாவண்யா சார்.” கொஞ்சம் நிறுத்தி, “ரோல் நம்பர் நாப்பத்தேழு” என்றாள்.

நாற்பத்தேழு. தினமும் காலை முதல் பீரியடில் நான் ஆப்சென்ட் போடும் நம்பர். மூன்று வாரமாக எல்லாப் பீரியடிலும் ஆப்சென்ட் என்று கேள்வி. நம்பர் நன்றாகத் தெரியும். அதற்கு ஒரு முகம் இருக்கும் என்று தோன்றியதில்லை.

அவள் நைனா — இங்கே அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் — உள்ளேயிருந்து வந்தார். “நோட்டீஸ் வந்துட்ச்சு சார். அட்டெண்டன்ஸ் பத்தல, வருசம் பூட்ச்சுன்னு. இனிமே இன்னா பண்றது? நாளிக்கு வுட்டு அடுத்த திங்கக்கெழமலர்ந்து மாங்கூழ் ஃபேக்டரிக்கு அனுப்பறேன். அவங்க வேன் வூட்டாண்டயே வருது.”

“இன்னும் பூடல நைனா,” என்றாள் அவள். “ஏன் வரலேன்னு சனிக்கெழமக்குள்ள லெட்டர் குடுத்தா பரீட்ச எழுதலாம். ஆனா அதுக்கப்பறம் டெய்லி மொத பீரியடுக்கு வரணும். எதுல வர்றது?”

என் பிரவுஷர் அவள் மடியில் இருந்தது. ‘போக்குவரத்து வசதி’ என்ற பக்கம் திறந்திருந்தது.

திரும்பும்போது முனிகிருஷ்ணனிடம் கேட்டேன். “அந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?”

“நம்ம பஸ்ஸு பொண்ணு சார். மூணாவது சீட்டு, ஜன்னலாண்ட.”

“முதல்லயே சொல்லக்கூடாதா?”

“ரெண்டு தபா இருமினேனே சார்.”

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிள்ளைகள் பாதியில் போகாமல் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஒரு கமிட்டி இருக்கிறது. அதன் கன்வீனர் — அடியேன். கமிட்டிக்கு வாட்ஸப் குரூப்பும் உண்டு. இதுவரை அதில் வந்தவை குட்மார்னிங் ரோஜாக்கள், பிறந்தநாள் கேக்குகள், சுகர் குறைய வெந்தயம்.

வேனில் உட்கார்ந்தபடியே முதல்முறையாக அதில் ஒரு கேள்வி போட்டேன். நாற்பத்தேழாம் நம்பர் ஏன் போனாள்? அவரவர் செய்ததை எழுதுங்கள்.

பதில்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக விழுந்தன. டிரான்ஸ்போர்ட்: அந்த ரூட்டில் ஆள் குறைவு, அதனால் ஊருக்குள் போவதை நிறுத்தி நகரி பஸ்ஸோடு சேர்த்துவிட்டோம். டைம்டேபிள்: கஷ்டமான பாடம் என்பதால் கணக்கை முதல் பீரியடில் வைத்தோம். அதன்கீழ் நான்: மெயின் ரோடு வரை நடந்து, கவர்ன்மென்ட் பஸ் பிடித்து, முதல் பீரியட் முடிந்து வந்தவளுக்கு ஆப்சென்ட் போட்டேன். எக்ஸாம் செக்‌ஷன்: கணக்குப் பாடத்தில் அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ், நோட்டீஸ் அனுப்பினோம். ஆபீஸ்: அப்புறம் ஆளே வரவில்லை, விலகியோர் லிஸ்டில் ஏற்றினோம். கடைசியாக அட்மிஷன் செல்: சீட் காலி ஆகிறது என்று தெரிந்தது, அந்தப் பக்கம் ஆள் அனுப்பினோம்.

அனுப்பிய ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

யாராவது தப்பு செய்தோமா? இல்லை. எல்லாம் ரூல்படி. எங்கள் கல்லூரியில் இத்தனை செக்‌ஷன்கள் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. மீட்டிங் கிடையாது, டீ பிஸ்கட் கிடையாது... ஒரு பெண்ணை அழகாக வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

உள்ளே கொண்டுவரத்தான் மீட்டிங் தேவைப்பட்டது. திங்கட்கிழமை கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்தேன். முனிகிருஷ்ணனையும் கூப்பிட்டேன். இத்தனை நாள் அவரைக் கமிட்டியில் சேர்க்கத் தோன்றாதவனும் நான்தான். அந்த ஊர்த் திருப்பத்துக்குப் போய் வர எவ்வளவு ஆகும் என்று கேட்டோம். “பதினோரு நிமிசம்” என்றார். காகிதத்தில் ரூட் போட்ட டிரான்ஸ்போர்ட்காரர் அரை மணி என்று எழுதி வைத்திருந்தார்.

கணக்கை மூன்றாவது பீரியடுக்கு மாற்றினார்கள். நான் கேன்டீனில் நிம்மதியாக வடை சாப்பிடும் நேரம் அது. போகட்டும். எக்ஸாம் செக்‌ஷன் மேடம்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். “பஸ்ஸை நிறுத்தினது நாம. விளக்கம் அந்தப் பொண்ணு ஏன் எழுதணும்? டிரான்ஸ்போர்ட் எழுதட்டும். அவ சனிக்கிழமைக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்.”

நைனாவுக்கு போன் செய்து, வெள்ளிக்கிழமை முதல் பஸ் வரும் என்றேன். “வர்ட்டும் சார். அப்பால பாக்கலாம்” என்று வைத்துவிட்டார். என் பேச்சை முக்கால் மணி நேரம் கேட்ட வீடல்லவா?

வெள்ளிக்கிழமை காலை நானும் பஸ்ஸில் போனேன். ஊர்த் திருப்பத்தில் ஒரு நாய் மட்டும் நின்றது. முனிகிருஷ்ணன் ஹாரன் அடித்தார். பதினோரு நிமிஷத்தில் நாலு போயிற்று. ஐந்து போயிற்று. கியரின் மேல் அவர் கை வந்துவிட்டது.

அப்போது மாந்தோப்புக்குள்ளிருந்து ஒரு டி.வி.எஸ். வந்தது. பின்னால் புத்தகப் பையோடு லாவண்யா.

நைனா இறங்காமலே பஸ்ஸை ஒருமுறை பார்த்தார். என்னை விட்டுவிட்டு முனிகிருஷ்ணனிடம் கேட்டார்.

“நாளிக்கும் வருமா?”

“வரும்.”

ஒரே வார்த்தை. பிரவுஷர் இல்லை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

லாவண்யா மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஐந்து நாளாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“ஏம்மா, அன்னிக்கு நான் ஆரம்பிக்கும்போதே ‘உங்க ஸ்டூடண்ட்தான் சார்’னு சொல்லியிருக்கலாமே. முக்கால் மணி நேரம் எதுக்கு உக்காந்து கேட்டே?”

“கிளாஸ்ல ஒரு நாளுகூட நீங்க எம் மூஞ்சியப் பாத்துப் பேசினதில்ல சார்.”