நர்ஸ் படிப்புக்கு ஒரு செங்கல்

தெருவில் அவனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். படித்தது பத்தாம் வகுப்பு, செய்தது செல்போன் ரிப்பேர். தண்ணீர் வாளியில் விழுந்தது, குழந்தை கடித்தது, வேன் ஏறியது என்று எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், "வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் பாக்கலாம்" என்பான். பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் உயிர் வந்திருக்கும். அவன் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் கடையில் இடம். எந்தத் திருகு எந்தப் போனுடையது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவான். போன் விஷயத்தில் அவன் பேச்சுக்கு அந்தத் தெருவில் மறுபேச்சு கிடையாது. வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகு, அவன் மனைவிக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. "டாக்டருக்கு நர்ஸ் கெடச்சாச்சு, இனிமே கவலையே இல்ல" என்று பக்கத்துக் கடை தையல்காரர் ஒரு வாரம் இதையே சொல்லிச் சிரித்தார். அவனும் சேர்ந்து சிரித்தான். விண்ணப்பம் வாங்கி வந்தவன் அவன். காலையில் மகளுக்குத் தலைவாரிப் பள்ளியில் விடும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். அதுவரைக்கும் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் மாதம் வார்டு வேலை தொடங்கவிருந்தது. அதற்குள் ஒவ்வொருவரும் கையில் வைத்துப் பார்க்கும்படி ஒரு மிஷின் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மருந்தின் அளவு, எது எதோடு சேரக்கூடாது என்பதையெல்லாம் நோயாளியின் பக்கத்தில் நின்றபடியே பார்த்துக்கொள்வதற்காக. மனைவி இதைச் சொன்னபோது அவனுக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. இத்தனை நாளும் அவள் பாடங்களில் அவன் சொல்வதற்கு ஒரு வார்த்தைகூட இருந்ததில்லை. இது அவன் ராஜ்ஜியம். "பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணாடி நொறுங்கிக் கிடந்த ஒரு பெரிய டேப்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் உழைத்தான். புதுத் திரை, புது பேட்டரி. எழுத்தெல்லாம் பலகையில் எழுதியதுபோலப் பெரிதாகத் தெரிந்தது.

அதை அவளிடம் கொடுக்கலாம் என்று வீட்டுக்குப் போன அன்றைக்கு, அவளே ஒரு காகிதத்தை நீட்டினாள். அச்சடித்ததுபோல் ஒரே சீரான கையெழுத்து. வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் அடங்க வேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலும் கெடக்கூடாது. நெட் இல்லாமலும் மருந்துப் பட்டியல் திறக்க வேண்டும். கீழே விழுந்தால் உடையக்கூடாது. எட்டு மணி நேரம் சார்ஜ் நிற்க வேண்டும்.

"யார் எழுதினது?"

"எங்க பேட்ச்ல ஒருத்தர். ஆம்புலன்ஸ்ல நாலு வருஷம் வேல பாத்துட்டுப் படிக்க வந்திருக்கார். நாங்க ஆம்புலன்ஸ்னுதான் கூப்பிடுவோம். ஓடற வண்டில எது தாங்கும், எது தாங்காதுன்னு அவருக்கு அத்துப்படி."

ஒருத்தன் என்று சொல்லவில்லை, ஒருத்தர் என்றாள். அந்த ஒரு எழுத்து அவன் காதிலேயே நின்றது. டேப்லெட் இருந்த பையை நாற்காலிக்குப் பின்னால் மெல்ல நகர்த்தி வைத்தான்.

"நாளைக்கு அவருக்குத் தெரிஞ்ச இடத்துல போய் வாங்கிடறேங்க. பார்சல் குடுக்கறவங்க கையில வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி மிஷின். பழசுதான், ஆனா கெட்டி."

"நான் ஒருத்தன் எதுக்கு இங்க கட போட்டு உக்காந்திருக்கேன்?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே தீர்ந்திருக்கும்.

மறுநாள் மிஷின் வந்தது. கைக்கு அடக்கம்தான், ஆனால் தடிமன். நாலு மூலையிலும் ரப்பர்.

"இது போனா, செங்கல்லா?" என்றான்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவியும் சிரித்துவிட்டு, "செங்கல்லாவே இருக்கட்டும். இத வெச்சுதான் வீடு கட்டப் போறேன்" என்றாள்.

அடுத்த நாள் காலை மனைவியை நர்ஸ் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்தான். இஸ்திரி கலையாத சட்டையோடு உயரமாக ஒருவன் அவள் எதிரே வந்தான். செங்கல்லை வாங்கிப் புரட்டிப் பார்த்து ஏதோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்குக் கணக்குத் தெரியவில்லை. அன்று கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு வேறொருவருடைய போனைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை, "குடு, உள்ள தூசி கீசி இருக்கான்னு ஒரு தடவ பாத்துடறேன்" என்று மிஷினைக் கடைக்கு எடுத்துப்போனான். கழற்றினான். உள்ளே ஒரு குறையும் இல்லை. கம்பிகள் எல்லாம் ஒழுங்காகப் படுத்திருந்தன, மூடியைச் சுற்றித் தண்ணீர் புகாத ரப்பர். நல்ல பொருள். அவனே போய்த் தேடியிருந்தால் இதைத்தான் எடுத்திருப்பான், இல்லை, இது அவனுக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. அதுதான் அவனால் பொறுக்க முடியவில்லை.

திரைக்குப் போகும் கம்பிப் பட்டையை அழுத்திப் பிடிக்க ஒரு சின்னத் தகடு இருக்கும், இரண்டு திருகுகளோடு. அதைக் கழற்றி எடுத்தான். பட்டையை முக்கால்வாசி செருகி விட்டு மூடினான். இரண்டு நாள் ஓடும். எங்கேயாவது இடித்தால் திரை இருண்டுவிடும். அவள் சோர்ந்துபோய் வந்து, "ஏங்க, நீங்க சொன்னதுதான் சரி" என்பாள். அவ்வளவுதான் அவன் போட்ட கணக்கு. அவன் எதுவுமே சொல்லியிருக்கவில்லை என்பது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

திங்கள் ஓடியது. செவ்வாயும் ஓடியது. "செங்கல் எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்டான். "ஜம்முனு இருக்கு" என்றாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் முகமே சரியில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள்.

"வார்டுல வெச்சு செத்துப் போச்சுங்க. சிஸ்டர் நல்லா கேட்டுட்டாங்க. வேலை செய்யாத மிஷினோட என் வார்டுக்குள்ள வராதேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாங்க."

"குடு, நான் பாக்கறேன்." குரலில் பதற்றத்தை வரவழைத்துக்கொண்டான்.

"குடுத்துட்டேன். நாளைக்கும் வார்டு இருக்கே. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு கட இருக்கில்ல, அங்க. இன்னைக்கு மிச்ச நேரம் ஆம்புலன்ஸோட மிஷின்லயே ரெண்டு பேரும் பாத்துக்கிட்டோம்."

அவன் கண்முன் ஒரே திரைமேல் இரண்டு தலைகள் குனிந்திருக்கும் காட்சி வந்தது. அதை ஏற்பாடு செய்து கொடுத்தவனே அவன்தான். போதாததற்கு ஆஸ்பத்திரி வாசல் கடை! மட்டமான பார்ட்ஸ் போடுகிறவன் என்று வருஷக்கணக்காக அவன் நக்கல் செய்துகொண்டிருந்த ஆள். 'டூப்ளிகேட்' என்று அந்த ஆளுக்குப் பெயரே வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் நேராகக் கடைக்கே வந்தாள், வெள்ளைக் கோட்டோடு. கடையில் ஒரு பெரியவர் போனை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை வாசலோரமாக நின்றாள். பிறகு மிஷினை மேஜைமேல் வைத்தாள்.

"தகடு எங்க?"

"எந்தத் தகடு?"

"அந்த ஆளு தொறந்து பாத்ததும் சொன்னாரு. 'இது விழுந்ததால வந்தது இல்லம்மா. திருகுல ஒரு கீறல்கூட இல்லாம எடுத்திருக்காங்க. தொழில் தெரிஞ்ச கை'ன்னாரு. பாராட்டிதான் சொன்னாரு."

அவன் மேஜை அறையைத் திறந்தான். சின்ன பிளாஸ்டிக் உறையில் தகடும் இரண்டு திருகுகளும் இருந்தன. அவள் அதை வாங்கிக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸ் மேல சந்தேகமா?"

"இல்ல." உண்மையாகத்தான் சொன்னான். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது.

"அப்புறம் என்ன?"

"நீ என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அதையும் வெளில போய்க் கேட்டுட்டு வந்த."

தையல் மிஷின் ஓடும் சத்தம் பக்கத்துக் கடையிலிருந்து கேட்டது.

"ஒம்பது கிலோ" என்றாள். "நேத்து அந்தப் புள்ளையோட எடை. ஒம்பது கிலோ. எடைக்கு எவ்வளவு மருந்துன்னு பாத்துட்டு இருக்கேன், இருட்டாயிடுச்சு. சிஸ்டர் பக்கத்துல இருந்தாங்க, கணக்குப் போட்டுக் குடுத்தாங்க. ஒண்ணும் ஆகல. ஆனா ராத்திரி பூரா அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுட்டு இருந்தேன்."

அவன் எழுந்து நின்றான். நிற்க இடமில்லாத கடை. முழங்கால் மேஜையில் இடித்தது. "தப்புதான்" என்றான். அவள் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தகட்டை டூப்ளிகேட்தான் மாட்டிக்கொடுத்தான்.

சண்டை, கண்ணீர், அம்மா வீடு என்று எதுவும் நடக்கவில்லை. சமையல் நடந்தது, மகளுக்குப் பாடம் நடந்தது. மிஷினை மட்டும் அவள் அவன் கண்ணில் படும்படி வைப்பதே இல்லை. சார்ஜ் போட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பாள். அந்தச் செங்கல் நன்றாக உழைக்கிறது என்று கேள்விப்பட்டு அவள் வகுப்பில் இன்னும் ஏழு பேர் அதையே வாங்கினார்கள். எது கெட்டாலும் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசல் கடைக்கே போனார்கள். டூப்ளிகேட் கடைக்கு வெளியே புதிதாக ஒரு பெஞ்சு முளைத்தது. ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் அவன் பெஞ்சைப் பார்ப்பான். எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் மழையில் அவளைக் கூப்பிட ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தபோது ஆம்புலன்ஸ் தானாகவே வந்து பேசினான்.

"நீங்கதானே டாக்டர்? உங்க வீட்டம்மா மிஷின் கீழ விழுந்து தகடு கழண்டுச்சே, நீங்களே தேடி எடுத்துக் குடுத்தீங்களாமே. அதெல்லாம் வேற எங்கயும் கெடைக்காதுங்க."

அவன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். ஸ்கூட்டரில் பாதி தூரம் வந்த பிறகு திரும்பாமலே கேட்டான்.

"எனக்காகப் பொய் சொன்னியா?"

"உங்களுக்காக இல்ல" என்றாள் பின்னாலிருந்து. "என் புருஷன் பண்ணினான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. மழை முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது.

அதன்பிறகு அவன் டூப்ளிகேட் என்ற பெயரைச் சொல்வதை விட்டான். பொறாமையை விட்டான் என்று சொல்ல முடியாது. அவள் வார்டு கதை சொல்லும்போது ஆம்புலன்ஸ் பெயர் வந்தால் அவன் விரல் மேஜையில் தாளம் போடும். அவளும் பார்ப்பாள், கதையை நிறுத்த மாட்டாள். புரியாத மருந்துப் பெயர்களைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கப் பழகினான்.

படிப்பின் கடைசி வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளோடு கடைக்கு வந்து அவளே மிஷினை நீட்டினாள். "சார்ஜ் ஏற மாட்டேங்குது."

"ஆஸ்பத்திரி வாசல்ல லீவா?"

"தொறந்துதான் இருக்கு."

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். மகள் வாசலில் நின்றுகொள்ள, அவள் ஸ்டூலை அவனுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் திருகைக் கழற்றியதிலிருந்து கடைசித் திருகை மாட்டும்வரை அவன் விரல்களிலிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை. அவன் எடுத்த ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும்படி தட்டில் வரிசையாக வைத்து, இன்னது இதற்கு என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தான்.